ஹீட்டரை அணைத்த தண்ணீர்

ஜஹ்ராவில் ஆகஸ்ட் மாதம்
பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும்.
மாடித் தொட்டி பகலெல்லாம் கொதிக்கிறது.
ஹீட்டரை அணைத்துவிட்டு
அதன் வயிற்றில் இரண்டு நாள் ஆறிக் கிடப்பதைத்தான்
குளிர்ந்த நீர் என்று தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம்.
எனக்கு இதைச் சொன்னது பக்கத்து வீட்டு டிரைவர் மரியசூசை.
வெங்காயச் சாற்றைச் சொன்னதும் அவர்தான்,
அதற்கு அவரை இன்னும் மன்னிக்கவில்லை.
புண்ணில் வெங்காயம்!
குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு
ஏசுவையும் மாரியாத்தாளையும்
ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

முடி போவதுகூடப் பரவாயில்லை.
போகிறது சும்மா போகவில்லை,
குடியிருந்த வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகிறது.
சீப்பு பட்டால் எரிகிறது.
தலையணை பட்டால் வலிக்கிறது.
முக்காட்டுக்குள் நாள் முழுக்க எறும்பு.
மாவு பிசைகிற கையால் சொறியவும் முடியாது.
ஃபிரிட்ஜின் மூலையில் தலையைத் தேய்த்து நின்றதை
கடைக்குட்டி பார்த்துவிட்டான்.
"அன்யலா பூனை" என்றான்.
என் பெயர் அஞ்சலை.
ஜகரம் இந்த வீட்டில் யகரமாகிவிடும்.
எஜமானியை மாமா என்று கூப்பிட வேண்டும்,
முதல் மாதம் சிரிப்பு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை
பெரிய தட்டில் ஆட்டுக்கறி மச்பூஸ்,
பாபாவுடன் இரண்டு விருந்தாளிகள்.
பாபாவின் விரல் சோற்றில் நின்றது.
இழுத்தார்.
இழுக்க இழுக்க வந்தது.
ஒரு முழம், கன்னங்கறுப்பு.
இந்த வீட்டில் அந்த நீளத்துக்கு வேறு சொந்தக்காரி கிடையாது.
மாமாவின் முடி மருதாணிச் சிவப்பு,
மூன்றாம் பிரசவத்துக்குப் பிறகு தோளோடு நின்றுபோனது.

"என்னுடையது" என்றாள் மாமா.

யாரும் நிமிரவில்லை.
பாபா விரலைத் துடைத்தார்.
ஒரு விருந்தாளி பேரீச்சையின் விலைக்குப் பேச்சை மாற்றினார்.
நான் தண்ணீர்க் குவளையோடு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அஸர் தொழுகை முடித்துச் சமையலறைக்கு வந்தாள்.
ஒன்றும் சொல்லாமல் குனிந்து வகிட்டைக் காட்டினாள்.
என்னுடையதைப் போலவே அகலம்,
அதே சிவப்பு, அதே செதில்.
ஒரு டப்பாவைத் திறந்து "ஹுல்பா" என்றாள்.
வெந்தயம்!
பைக்குள்ளிருந்து பச்சைப் பொடி. "சித்ர்."
மோந்து பார்த்தேன், இலந்தை இலை.
வாசல் தொட்டியிலிருந்து நான் கற்றாழை அறுத்து வந்தேன்.
மஞ்சள் பால் வடியட்டும்,
ஏழு தரம் கழுவு, இல்லாவிட்டால் அரிப்பு இரட்டிக்கும்
என்பதையெல்லாம் கையாலேயே சொன்னேன்.
அவள் எலுமிச்சையை எடுத்தாள்.
தட்டிவிட்டேன்.
எலுமிச்சை உருண்டு அடுப்படிக்குப் போனது.
எஜமானியின் கையைத் தட்டிய என் கையை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு மரியசூசையின் வெங்காயக் கதையை
எனக்குத் தெரிந்த பதினெட்டு அரபிச் சொற்களில் நடித்துக் காட்டினேன்.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை, பிள்ளைகள் எழும் முன்
ஊறிய வெந்தயத்தை அரைத்தேன்.
முதலில் அவள் தலைக்கு நான்,
நகம் படாமல், விரல் சதையால்.
பிறகு அவள் ஸ்டூலைக் காட்டினாள்.
இந்த வீட்டில் எனக்கு உட்காரத் தெரியாது.
உட்கார்ந்தேன்.
வழவழப்பு காதோரம் இறங்கிக் கழுத்துக்குப் போனது.
தலையில் மூன்று வருஷமாக
என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை என்பது
அப்போதுதான் கணக்குக்கு வந்தது.

ஹீட்டரில் ஆறிய தண்ணீர்
இரண்டு தலைக்கும் பங்கு.
இலந்தைப் பொடி மெல்ல நுரைத்தது.
வடிகாலில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாய்ச் சுருண்டன.
அதை அள்ளிக் குப்பையில் போட்டது நான்தான்,
அது மாறவில்லை.

அரிப்பு பாதி அடங்கியது.
மீதி ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எழுப்பியது.
சொறியாமல் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
முற்றத்துத் தரையில்
மேல்மாடி விளக்கின் சதுரம் விழுந்திருந்தது.
அதற்குள் ஒரு முழங்கையின் நிழல்
மேலே போய்
கொஞ்சம் தயங்கி
கீழே இறங்கியது.